சாப்டர் அண்ணா படித்த மூன்று புத்தகங்கள்

உலகத்தில் புத்தகம் வாங்குகிறவர்கள் உண்டு, படிக்கிறவர்கள் உண்டு, படித்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் ஏராளமாக உண்டு. ஆனால் புத்தகத்தில் போட்டிருப்பதை அன்றைக்கே, மதியச் சாப்பாட்டுக்குள், ஒரு வரி விடாமல் செய்து முடித்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவர் இரும்புலியூரில் மெஸ் நடத்தினார்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஆறு வருடம் அவர் பரிமாறிச் சாப்பிட்டிருக்கிறேன், பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. ஆதார் அட்டையில் என்ன இருந்தாலும் எங்கள் தெருவில் அவர் சாப்டர் அண்ணா. ஏன் அந்தப் பெயர் என்பதுதான் கதையே.

ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் மூன்றாவது தெருவில் மெஸ். வீட்டின் முன்னறையில் நீளமான மேஜை இரண்டு, பெஞ்சு நான்கு. சமையல் முழுக்க அக்கா, அதாவது அவர் மனைவி. பரிமாறுவது, தண்ணீர் வைப்பது, சாப்பிடுகிறவர்களின் வாழ்க்கையில் தலையிடுவது மூன்றும் அண்ணா. நான் பக்கத்து வீட்டு மாடியில் குடியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர், தனி ஆள். சமைக்க நேரமில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நேரமெல்லாம் இருந்தது. தனியாக உட்கார்ந்து சாப்பிட்டால் தொண்டையில் இறங்காது, அவ்வளவுதான் விஷயம்.

அந்த மெஸ்ஸுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு, அதைப் போட்டது அக்கா. காலையில் வாழை இலை நறுக்கும்போது எத்தனை இலை என்று வாய்விட்டு எண்ணுவார். "பத்து பேராவது வந்தாதான் மெஸ்ஸு டீச்சர். அதுக்குக் கொறஞ்சா விருந்தாளி. விருந்தாளிக்கு டெய்லி வடிச்சுக் கொட்ட என்னால ஆவாது. என்னிக்குப் பத்து இலைக்குக் கொறையுதோ, அன்னிக்கு ஷட்டர இழுத்துட்டு கீழ்க்கட்டளைல என் தங்கச்சி வூட்டுக்குப் போய்கினே இருப்பேன்." அவர் இதைச் சொன்ன காலத்தில் மதியம் முப்பத்தைந்து இலை விழுந்துகொண்டிருந்தது. அதனால் நான் சிரித்தேன்.

முப்பத்தைந்து எப்படிக் குறைந்தது? என்னால்தான்.

இந்தப் பத்திரிகையில் அப்போதும் நான்தான் புத்தகப் பகுதி எழுதிக்கொண்டிருந்தேன். பதிப்பகத்துக்காரர்கள் அனுப்பும் புத்தகங்கள் வீட்டில் மலையாகக் குவியும். ஒருபக்கம் பிள்ளைகளின் விடைத்தாள், இன்னொரு பக்கம் இந்த மலை. நான் என்ன செய்வேன்? முன்னுரையைப் படிப்பேன், பின்னட்டையைப் படிப்பேன், கடைசிப் பக்கத்தை ஒரு பார்வை பார்ப்பேன். பிறகு 'ஆழ்ந்து வாசிக்க வேண்டிய நூல்' என்று எழுதிவிடுவேன். ஆழ்ந்து வாசிக்க வேண்டியது நீங்கள்தானே, நானா? வாசகர்கள் இப்போது என்னைத் திட்டலாம், நியாயம்தான்.

ஒருநாள் அண்ணா மாடிக்கு வந்தார். "டீச்சர், வடை மடிக்கப் பழைய புக்கு எதுனா கீதா?"

கைக்கு வந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். உணவைப் பற்றிய தடித்த புத்தகம். முந்தின வாரம்தான் அதை வானளாவப் புகழ்ந்திருந்தேன். மறுநாள் வடை செய்தித்தாளில்தான் வந்தது. அண்ணா புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"இதப் போயி கிழிக்கக் குடுத்தீங்களே! நம்ம தொழிலப் பத்தியே எழுதிக்கிறாங்க டீச்சர்."

அன்றோடு தொலைந்தோம். அவர் படிக்கும் முறை தனி. காலையில் உலை கொதிக்கும் நேரத்தில் ஒரே ஒரு அத்தியாயம், அவர் வாயில் 'சாப்டர்'. அது முடிந்ததும் புத்தகத்தை மூடி, அரிசி டப்பாவுக்கு மேல் வைத்துவிடுவார். மதியத்துக்குள் அந்த அத்தியாயம் மெஸ்ஸில் அமலுக்கு வந்துவிடும். அடுத்த பக்கத்தை மறந்தும் புரட்ட மாட்டார். அப்படிப் பார்ப்பது, சாமி கும்பிடும்போது ஒரு கண்ணைத் திறந்து பார்க்கிற மாதிரி என்பார்.

முதல் அத்தியாயம், ஒவ்வொரு வாய்ச் சோற்றையும் முப்பத்திரண்டு முறை மெல்ல வேண்டும் என்றது. அண்ணா கரண்டியோடு நடுவில் நின்று சத்தமாக எண்ணினார். பதினெட்டில் யாராவது விழுங்கிவிட்டால் எல்லோருக்கும் மறுபடி ஒன்றிலிருந்து. ஆட்டோ தனபால்தான் முதலில் பொங்கினார். அவர் எப்போதும் சவாரி காத்திருக்கிறது என்று சொல்லி முந்திப் பரிமாற வைத்துக்கொள்கிற ஆள்.

"அண்ணே, வெளில சவாரி வெயிட்டிங்ல கீது. ரசஞ்சோத்த முப்பத்திரண்டு தபா மெல்லறதுக்கு அதுல இன்னாண்ணே கீது? வாயில வச்சா அதுவா உள்ள போவுது!"

"அதான் தப்பு தனபாலு. அது போவக்கூடாது. நீ அனுப்பி வெக்கணும்."

இன்னொருவர் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். பன்னிரண்டு நாற்பதுக்கு இலை விழவில்லை என்றால் கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டுவார். அன்றைக்கு அவர் சாப்பிட்டு எழுந்தபோது மணி மூன்றரை. தாடை வலிக்கிறது என்று வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டதாகப் பிறகு சொன்னார்.

இரண்டாவது அத்தியாயம், இலையில் இருக்கும் காய் எங்கிருந்து வந்தது என்று அறிந்து அதற்கு நன்றி சொல்லச் சொன்னது. அண்ணா தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறிக்கார அம்மாவிடம், "இந்தக் கத்தரிக்காவுக்குச் சொந்த ஊரு எது?" என்று விசாரித்திருக்கிறார். அந்த அம்மா, "ஏன், பொண்ணு குடுக்கப் போறியா?" என்று கேட்டு விரட்டிவிட்டார். மதியம் கத்தரிக்காய்க் கூட்டுக்கு முன்னால் நாங்கள் ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். பசி வயிற்றோடு எழுந்து நின்று ஒரு கத்தரிக்காய்க்கு மரியாதை செய்வதில் ஒரு அவமானம் இருக்கிறது, பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

எங்களைக் காப்பாற்றியது ஸ்டெல்லா. பெருங்களத்தூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ், விவரமான பெண். அண்ணா தானே அடுத்த பக்கத்தைப் பார்க்க மாட்டார், நாம் பார்த்தால் என்ன என்று கடைக்குப் போய் அதே புத்தகத்தை வாங்கிவிட்டாள். போனில் 'நாளைய அத்தியாயம்' என்று ஒரு வாட்ஸ்ஆப் குரூப் ஆரம்பித்தாள். தினமும் சாயங்காலம் வானிலை அறிக்கை மாதிரி வரும்: 'நாளை முதல் மூன்று நாள் உப்பு கிடையாது. ஊறுகாய் கொண்டுவருகிறவர்கள் மறைத்து எடுத்து வரவும்.' அவளே மாத்திரை டப்பாவில் உப்பு கொண்டுவந்து, வரிசையாக எல்லோர் இலையிலும் ஒரு சிட்டிகை வைத்துவிடுவாள். அண்ணா அந்தச் சமயம் பார்த்துச் சுவர்ப் பக்கம் திரும்பித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். எங்கள் அதிர்ஷ்டம் என்று நினைத்தோம்.

எல்லோருக்கும் இவ்வளவு பொறுமை இருக்குமா? பன்னிரண்டு பேர் வேறு மெஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். அக்கா மாடியேறி வந்தார்.

"டீச்சர், இந்த ஆளுக்குப் படிக்காம இருக்க முடியாது, அது தெரிஞ்சு போச்சு. சாப்பாட்டப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லாத புக்கா பாத்துக் குடுங்க."

பக்தி பற்றிய புத்தகம் ஒன்று இருந்தது. கடவுள்மேல் நம்பிக்கை வைப்பதில் என்ன வம்பு வந்துவிடும் என்று நினைத்தேன். 'மனதுக்கு இதமான நூல்' என்று வேறு எழுதியிருந்தேன். எந்த மனதுக்கு என்று யோசிக்கவில்லை.

நாளைய தேவைக்கு இன்றே அலையாதே, நம்பியிரு, வரும் என்றது அதன் முதல் அத்தியாயம். அண்ணா மார்க்கெட்டுக்குப் போகவில்லை. அக்கா அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, "காய் எங்கய்யா?" என்றார். "வரும்" என்றார் அண்ணா. மணி பத்தாயிற்று. "எங்கய்யா?" "வரும்மா." அக்கா கையில் கரண்டியை மாற்றிப் பிடித்த நேரம், அடுத்த தெருவிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்தார்கள். முந்தின நாள் மழையில் அவர்கள் வீட்டு முருங்கை மரம் அப்படியே சாய்ந்துவிட்டதாம். காயெல்லாம் வீணாகப் போகிறது, மெஸ்ஸுக்கு வேண்டுமா என்றார்கள்.

அண்ணா அக்காவைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் அக்காவால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை.

முருங்கைக்காய் சாம்பார், முருங்கைக்காய்ப் பொரியல், முருங்கைக்கீரைக் கூட்டு, முருங்கைக்காய் ரசம். ஐந்து நாள். ஸ்டேஷன் மாஸ்டர் இலையோரம் சக்கையைக் குவித்துவிட்டு, "நாலு நாளா மென்னு மென்னு துப்பிக்கிட்டு இருக்கேன், நான் என்ன மனுஷனா, கரும்பு மெஷினா?" என்று கத்தினார். இலை இருபதுக்கு வந்தது.

பிறகு ஆறாவது அத்தியாயம் வந்தது. இந்தப் புத்தகத்தையும் கடையில் வாங்கியிருந்த ஸ்டெல்லாவின் அறிக்கை: 'நாளை ஆபத்து இல்லை. மனதில் உள்ள கனத்தை மலையேறி இறைவன் காலடியில் இறக்கி வைக்கச் சொல்கிறது. சாப்பாட்டுக்குப் பாதிப்பு இராது.' நாங்கள் நிம்மதியாகத் தூங்கினோம். படித்தவர்கள் இப்படித்தான் ஏமாறுவோம்.

காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அக்கா தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தார். "கல்லக் காணோம்! என் கிரைண்டர் கல்லக் காணோம்!"

மெஸ்ஸின் பெரிய வெட் கிரைண்டருக்குள் சுற்றும் குழவிக்கல் அது. தனியாளாகத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அண்ணா அதைக் கழுவித் துடைத்து, தனபால் ஆட்டோவில் ஏற்றி, குன்றத்தூர் மலைக்கோயிலுக்குப் போய்விட்டார். மலைப்படி அத்தனையும் தோளில் கல்லோடு ஏறியிருக்கிறார். வேண்டுதல் போலிருக்கிறது என்று ஜனங்கள் வழிவிட்டு, "அரோகரா!" என்று குரல் கொடுத்தார்களாம். மேலே போய்க் கும்பிட்டுவிட்டு, இறங்கும் வழியில் ஒரு வேப்பமரத்தடியில் கல்லை வைத்திருக்கிறார். திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும் என்று புத்தகத்தில் இருந்ததாம். பார்க்காமல் வந்துவிட்டார்.

"கூட இருந்தியே, நீ தடுக்கக் கூடாதா?" என்று தனபாலைப் பிடித்தேன்.

"நான் இன்னா டீச்சர் பண்றது? கல்லக் கொத்தப் போறாருன்னு நெனச்சேன். மலையடிவாரத்துல போயி 'இறக்கு'ன்றாரு. எனுக்கே பேஜாரா பூட்ச்சு."

அன்றும் மறுநாளும் அக்கா அண்ணாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, கல்லை மீட்டுவர நானும் அக்காவும் போனோம். வேப்பமரத்தைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை, கூட்டம் இருந்தது. கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சாமந்திச் சரம் சுற்றி, முன்னால் ஒரு அகல் விளக்கும் ஏற்றியிருந்தார்கள். ஒரு அம்மாள் அதைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். "ஏம்மா, இது என் கிரைண்டர் கல்லும்மா! இட்லிக்கு மாவு அரைக்கிற கல்லு!"

சுற்றிக்கொண்டிருந்த அம்மாள் காதைப் பொத்திக்கொண்டார். "அப்படியெல்லாம் சொல்லாதீங்க. நேத்துதான் வேண்டிக்கிட்டேன், சாயங்காலமே எம் பொண்ணுக்கு வரன் அமைஞ்சுது."

அக்கா அந்தக் கல்லைப் பார்த்தார், வரிசையில் நின்றவர்களைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, கன்னத்தில் போட்டுக்கொண்டார். யாரோ கொடுத்த குங்குமத்தை நெற்றியில் வைத்துக்கொண்டு கீழே இறங்கிவந்தோம். பஸ் பிடித்துத் தாம்பரம் வந்தோம். இறங்கும்போது, "அந்தாளு கழுவியும் அன்னிக்கு அரைச்ச உளுந்து இன்னும் இடுக்குல ஒட்டிகினு கீது டீச்சர், அதுக்குப் போயி கற்பூரம் காட்டறாங்க" என்றார்.

கல் இல்லையென்றால் இட்லி இல்லை. இட்லி இல்லையென்றால் காலையில் வருகிறவர்கள் இல்லை. காலையில் வராதவர்கள் மதியமும் வருவதில்லை. இலை பதின்மூன்றுக்கு வந்தது. பயந்துபோய்ப் பக்திப் புத்தகத்தைப் பாதியில் நிறுத்தச் சொன்னோம். அது இன்னும் மோசம். படிக்க ஒன்றும் இல்லாமல் அண்ணா தினசரிக் காலண்டர் தாளைப் படிக்க ஆரம்பித்தார். 'மேற்கே சூலம்' என்றிருந்த அன்றைக்கு, மேற்குப் பார்த்து உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் எழுப்பி, கிழக்குப் பார்த்த பெஞ்சுகளில் நெருக்கி உட்காரவைத்தார். அன்று மட்டும் இரண்டு பேர் நின்றுபோனார்கள். இலை பதினொன்று.

அக்கா என்னிடம் வந்தார். இந்த முறை குரலில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "வர்ற சனிக்கிழமை வரைக்கும் பாக்கறேன் டீச்சர். அன்னிக்குப் பத்து இலை விழலைன்னா ஞாயித்துக்கிழமை காலைல நான் கீழ்க்கட்டளை. தங்கச்சிகிட்ட சொல்லிட்டேன். நீங்க குடுத்த புக்கு, நீங்களே ஒரு வழி பண்ணுங்க."

இராத்திரிச் சோறு இறங்கவில்லை. மெஸ் மூடிவிட்டால் அக்கா ஒரு வீட்டிலும் அண்ணா ஒரு வீட்டிலுமாக ஆகிவிடுவார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் யாரிடம் கடிகாரத்தைக் காட்டுவார்? நான் எங்கே போய் உட்காருவேன்? அலமாரியைக் குடைந்து மெலிதான ஒரு புத்தகத்தைத் தேடி எடுத்தேன். தன்னைத் தானே அறிந்துகொள்வது பற்றியது. ஐந்தே அத்தியாயம். ஒரு மனுஷன் தன்னை அறிந்துகொண்டால் அடுத்தவன் இலைக்கு வரமாட்டான் அல்லவா? அதையும் நான் முழுக்கப் படிக்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் அத்தியாயம் மௌனம். அண்ணா வாய் திறக்கவில்லை, மெஸ்ஸே சொர்க்கமாக இருந்தது. இரண்டாவது கண்ணாடி. ஒவ்வொரு இலைக்கு முன்னாலும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி நின்றது. தன்னைப் பார்த்தபடியே சாப்பிட வேண்டும்.

"நான் துன்றத நானே பாத்தா சகிக்கல அண்ணே," என்றார் தனபால். "வூட்ல எம் பொண்டாட்டி ஏன் அந்தாண்ட திரும்பிகினு உக்கார்றான்னு இப்பதான் புரியுது."

மூன்றாவது நாள் அண்ணா வாசலில் நின்று, உள்ளே வருகிறவர்களிடம் "நீங்க யாரு?" என்று கேட்டார். பெயர் சொன்னால், "அது பேரு. நீங்க யாரு?" வேலையைச் சொன்னால், "அது வேல. நீங்க யாரு?" ஸ்டேஷன் மாஸ்டர் பதில் யோசித்து வாசலிலேயே முக்கால் மணி நேரம் நின்றார். கடைசியில், "பசிக்கிறவன்" என்றார். "அப்ப உள்ள வாங்க" என்று விட்டுவிட்டார் அண்ணா. நானும் அதையே சொல்லி உள்ளே போனேன், காப்பியடித்ததாகத்தான் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது அத்தியாயம் வெள்ளிக்கிழமை வந்தது. உன்னுடையது அல்லாததைத் திருப்பிக் கொடு என்றது. சாயங்காலம் அண்ணா மாடியேறி வந்து உணவுப் புத்தகத்தையும் பக்திப் புத்தகத்தையும் இரண்டு கையாலும் கொடுத்துவிட்டுப் போனார். "டைம் கிடைச்சா இன்னொரு தபா படிங்க டீச்சர், நல்ல புக்கு" என்றார்.

சும்மா புரட்டினேன். அச்சகத்தில் சில புத்தகங்களின் ஓரத்தைச் சரியாக வெட்டாமல் விட்டுவிடுவார்கள். இரண்டு இரண்டு தாளாக மேலே மடிப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும், பிரித்தால்தான் படிக்க முடியும். இந்த இரண்டு புத்தகத்திலும் நடுவில் அப்படி ஏகப்பட்ட தாள் இருந்திருக்கிறது. ஒவ்வொன்றும் அரிவாள்மணையில் வைத்து நேராகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஓரமெல்லாம் மஞ்சள் கறை. அப்படியென்றால் அவருக்குத் தெரியும். பத்திரிகையில் பக்கம் பக்கமாகப் புகழ்ந்த டீச்சர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை என்று அவருக்கு முதல் புத்தகத்திலிருந்தே தெரியும்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஸ்டெல்லாவின் அறிக்கை. 'நாளை கடைசி அத்தியாயம். அருகில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் இதுவரை சொல்லாத உண்மையைச் சொல்ல வேண்டும். ஒருவரையும் விடக்கூடாது. எல்லோரும் பார்த்துக்கொள்ளவும்.'

குரூப்பில் ஒவ்வொருவராக நழுவ ஆரம்பித்தார்கள். தனபாலுக்குத் திருப்பதி சவாரி வந்துவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டருக்குப் பல் வலி. ஒருவருக்குச் செங்கல்பட்டில் கல்யாணம், இன்னொருவருக்கு அதே கல்யாணம். சனிக்கிழமை பத்து இலை விழாவிட்டால் அக்கா போய்விடுவார் என்று நான் கெஞ்சி எழுதினேன். ஸ்டெல்லா கேட்டாள், "டீச்சர், நீங்க வர்றீங்கதானே?" வருகிறேன் என்று போட்டேன். டீச்சரே வருகிறார் என்றால் நாமும் போகலாம் என்று ஒவ்வொருவராக இறங்கிவந்தார்கள். நான் போகாமலிருக்க ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது.

சனிக்கிழமை மதியம் என் மாடி ஜன்னலில் நின்று எண்ணினேன். ஒருவர் பின் ஒருவராக, பரீட்சை ஹாலுக்குப் போகிற பிள்ளைகள் மாதிரி உள்ளே போனார்கள். ஒன்பது பேர். கல்யாணக்காரர்களில் ஒருவர் நிஜமாகவே கல்யாணத்துக்குப் போய்விட்டார். அக்கா வாசலுக்கு வந்து தெருமுனையைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் வாசற்படியை ஒட்டி ஒரு ரெக்ஸின் பை கட்டி வைத்திருந்தது எனக்கு மேலிருந்தே தெரிந்தது. ஊரெல்லாம் சிரித்தால் சிரிக்கட்டும், அதிகபட்சம் இந்தப் பகுதியை வேறு யாராவது எழுதுவார்கள் என்று சொல்லிக்கொண்டு இறங்கினேன். கடைசி இலையில் உட்கார்ந்தேன். "பத்து," என்றார் அக்கா, யாருக்கும் கேட்காத குரலில்.

அண்ணா சோறு போட்டார், சாம்பார் ஊற்றினார். பிறகு நடுவில் வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"தனபாலு. சவாரி வெயிட்டிங், சவாரி வெயிட்டிங்னு தெனம் சொல்ற. உன் ஆட்டோல யாருமே இல்ல. நான் வெளில வந்து பாத்துக்கிறேன்."

தனபால் தலையைக் குனிந்துகொண்டார். "ஆமாண்ணே. முன்னாடி பரிமாறுவீங்கன்னுதான்."

"ஸ்டேஷன் மாஸ்டர் சார். நீங்க ரிட்டயர் ஆயி எட்டு வருஷமாச்சு. பன்னண்டு நாப்பதுக்கு எந்த வண்டியும் வரல. மெதுவா சாப்புடுங்க."

ஸ்டேஷன் மாஸ்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஏனோ எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"ஸ்டெல்லா. உன் மாத்திர டப்பா எனக்கு மொத நாள்லேந்து தெரியும்மா. நீ உப்பு வெக்கறப்பல்லாம் அதுக்குத்தான் முதுகக் காட்டிகினு நின்னேன்."

இப்படியே ஒவ்வொரு இலையாக வந்துகொண்டிருந்தார். எனக்கு முந்தின இலை வரை வந்தவர், சட்டென்று சமையலறைக் கதவுப் பக்கம் திரும்பினார். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"உன்கிட்டயும் ஒண்ணு சொல்லணும்."

"எனுக்கு ஒண்ணும் வேணாம்யா."

"கனமானத இறக்கி வைன்னு அந்த புக்குல போட்டிருந்தான். நானும் உக்காந்து யோசிச்சுப் பாத்தேன். எம் மனசுல கனமே இல்லம்மா, படுத்தா தூங்கிடறேன். இந்த வூட்லயே கனமானது அந்தக் கல்லுதான். அதத் தெனம் தூக்கிக் கழுவறது நீ. தோள்ல தைலம் தேச்சிகினு, முனகிகினு படுக்கற. அதான் கொண்டுபோய் வச்சுட்டேன்."

அக்கா போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. "யோவ்! அத வாயத் தொறந்து சொல்லித் தொலைச்சிருந்தா சின்ன கிரைண்டரா மாத்தியிருப்பேன்லய்யா! அதுக்காவ குன்றத்தூர் வரைக்கும் தூக்கினு போவியா?"

"புக்குல மலைன்னு போட்டிருந்துச்சே," என்றார் அண்ணா பாவமாக.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது. பிறகு உள்ளேயிருந்தே கத்தினார், "சோறு ஆறுது, எல்லாரும் சாப்புடுங்க! நாளைக்கு எத்தினி பேரு வர்றீங்கன்னு இப்பவே சொல்லிடுங்க, இலை நறுக்கணும்!"

பத்துப் பேரும் கையைத் தூக்கினோம். தனபால் இரண்டு கையையும் தூக்கினார்.

சந்தோஷத்தில் எல்லோரும் என்னை மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ஸ்டெல்லா மறக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே போனைப் பார்த்து, "அண்ணா, டீச்சர் பாக்கி! ஒருத்தரக்கூட விடக்கூடாதுன்னு போட்டிருக்கு" என்றாள். ஒன்பது முகமும் என் பக்கம் திரும்பின. அவர்கள் எல்லோரும் இந்தப் பகுதியை வாரா வாரம் படிக்கிறவர்கள். டீச்சர் எவ்வளவு படிக்கிறார் என்று பெருமையாகப் பேசிக்கொள்கிறவர்கள். நான் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அண்ணா ரச வாளியோடு என் எதிரில் வந்து நின்றார். என்னைப் பார்த்தார். வாளிக்குள் கரண்டியை விட்டு ஒரு சுற்று கலக்கினார்.

"அந்தப் பக்கம் கிழிஞ்சு போச்சும்மா," என்றார் ஸ்டெல்லாவிடம். பிறகு என்னிடம், "டீச்சர், அப்பளம் வெக்கட்டா?"

பக்கம் கிழியவில்லை. மறுநாளே அந்தப் புத்தகத்தையும் கொண்டுவந்து கொடுத்தார், நான் ஒவ்வொரு தாளாகப் பார்த்தேன். ஒருவரையும் விடாதே என்ற வரி முழுசாக இருந்தது, அதற்குக் கீழே பென்சிலால் கோடுகூடப் போட்டிருந்தார். கத்தரிக்காய்க்கு எழுந்து நின்ற மனுஷன், கல்லைச் சுமந்து மலையேறிய மனுஷன், ஒரு அத்தியாயத்தை மட்டும் செய்யவில்லை.

அதன் பிறகு மூன்றையும் முதல் பக்கத்திலிருந்து படித்தேன். உணவைப் பற்றியது நல்ல புத்தகம், கொஞ்சம் நீளம். பக்திப் புத்தகத்தில் ஆறாவது அத்தியாயம் வந்ததும் சிரித்துச் சிரித்து மூடி வைத்துவிட்டேன், மறுநாள்தான் தொடர முடிந்தது. தன்னை அறிவதைப் பற்றிய அந்த மெலிதான புத்தகத்தைத்தான் முடிக்க அதிக நாளாயிற்று. இப்போது நான் மேடவாக்கம் பக்கம் குடிவந்துவிட்டேன். மெஸ் அங்கேயேதான் இருக்கிறது, அக்காவுக்குச் சின்ன கிரைண்டர் வந்துவிட்டது. இந்தப் பகுதியில் எழுதும் எந்தப் புத்தகத்தையும் இன்றைக்குக் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அந்த மனுஷன் எனக்காகச் சொன்ன ஒரே ஒரு பொய்யை வீணாக்க எனக்கு மனசு வரவில்லை.